பொது நீரும் துறைக் கட்டணமும்

ஆறு, ஏரி, காயல் முதலிய நீர்நிலைகள் தனி ஒருவருக்கு உரியவையல்ல, எல்லோருக்கும் பொதுவானவை. இக்கொள்கை உலகின் பல நாடுகளிலும் வேரூன்றியது. ஆனால் நீரில் இறங்கக் கரை வேண்டும். கரையில் ஒரு துறை வேண்டும். துறைக்குச் செல்லப் பாதை வேண்டும். நீரை இயற்கை தந்தது. துறையையும் பாதையையும் மனிதர்களே அமைக்க வேண்டும். அமைத்த பின் ஆண்டுதோறும் பேணவும் வேண்டும். அச்செலவை ஏற்க வேண்டியவர் யார்? வரி செலுத்தும் அனைவருமா, துறையைப் பயன்படுத்துவோர் மட்டுமா? பயன்படுத்துவோரே ஏற்க வேண்டுமென்றால், பொது நீருக்கே விலை வைத்ததாக ஆகிவிடாதா?

ஐக்கிய அமெரிக்க நாட்டில் இவ்வினா இன்று பெரிதும் பேசப்படுகிறது. அங்கே கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை நீரில் இறக்குவதற்குப் பல இடங்களில் கட்டணமோ அனுமதிச் சீட்டோ தேவைப்படுகிறது. அவ்வேற்பாடு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நடைபெறுகிறது, அதில் நியாயமானது எது, ஐயத்திற்கு உரியது எது என்பவற்றை இங்கு ஆராய்வோம். ஏரிக்கரையையோ ஆற்றங்கரையையோ அடுத்துள்ள ஊராட்சிகளின் பொறுப்பில் இருப்போருக்கு இவ்வாராய்ச்சி பயன் தரும் என நம்புகிறோம்.

கயாக் என்பது யாது?

வட துருவத்தை அடுத்த குளிர்ப் பகுதிகளில் வாழும் மக்கள் வேட்டைக்காக அமைத்துக்கொண்ட படகே கயாக். மரங்கள் அருகிய அந்நாட்டில், கடலில் மிதந்து வந்து கரை ஒதுங்கிய மரத்தையும் விலங்கின் எலும்பையும் கொண்டு அவர்கள் சட்டம் கட்டினர். சீல் என்னும் கடற்பிராணியின் தோலை அதன்மேல் இழுத்துப் போர்த்தித் தைத்தனர். ஒருவர் அமர்ந்து, இருபுறமும் அலகுள்ள ஒரே துடுப்பால் மாறி மாறி வலித்துச் செல்வார்.

இன்று அப்படகு பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் செய்யப்படுகிறது. ஏறக்குறைய மூன்று நான்கு மீட்டர் நீளமே உடையது. இருவர் எளிதாகத் தூக்கலாம். மோட்டார் காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு போகலாம். ஒரு சாண் ஆழமுள்ள நீரிலும் மிதக்கும். எரிபொருள் வேண்டுவதில்லை, ஓசையும் புகையும் இல்லை. ஆகவே மீன் பிடிப்போரும் பொழுதுபோக்காகச் செல்வோரும் பெருந்தொகையினராய் இதனை விரும்பி வாங்கலாயினர்.

மோட்டார் படகை நீரில் இறக்கச் சிமெண்டுச் சரிவும், இழுவண்டியைத் திருப்ப அகன்ற இடமும் வேண்டும். கயாக்குக்கு இவை தேவையில்லை. தாழ்ந்த கரையும் வழுக்காத தரையும் போதும். ஆயினும் வண்டி நிறுத்த இடம், கழிப்பறை, குப்பைத் தொட்டி, கரை அரிப்பைத் தடுக்கும் கல் அடுக்கு ஆகியவை இதற்கும் வேண்டுவனவே. கரையோர நிலம் தனியாருக்கு உரியதாக உள்ள இடங்களில், அரசாங்கமோ ஊராட்சியோ அமைத்த பொதுத்துறையே நீருக்கு வாயிலாக இருக்கிறது. வாயில் அடைபட்டால், நீர் பொதுவானது என்ற உரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

பழைய உறுதிமொழி

அமெரிக்காவில் நீர்வழி உரிமை மிகப் பழமையானது. 1787-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வடமேற்கு நிலப்பகுதிச் சட்டம், மிசிசிப்பி ஆற்றிலும் செயின்ட் லாரன்சு ஆற்றிலும் சென்று கலக்கும் படகு செல்லத்தக்க நீர்நிலைகள் யாவும் பொதுப் பெருவழிகள் எனவும், வரியோ தீர்வையோ இன்றி என்றும் திறந்திருக்கும் எனவும் விதித்தது. ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றிற்குப் படகைத் தோளில் சுமந்து செல்லும் இடைநிலங்களையும் அச்சட்டம் பொதுவழியாகவே குறித்தது. துடுப்புப் படகில் தோல் வணிகம் நடந்த காலம் அது. நீரோடு கரையும் சேர்ந்தாலன்றிப் பயணம் நிறைவேறாது என்பதை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர்.

1848-இல் மாநிலமான விஸ்கான்சின் இவ்விதியைத் தன் அரசியலமைப்பிலேயே சேர்த்துக்கொண்டது. மேற்குக் கடற்கரையில் உள்ள ஓரிகன் 1859-இல் மாநிலமாகச் சேர்க்கப்பட்டபோது, அதன் நீர்வழிகளும் வரியோ சுங்கமோ இன்றி எல்லாக் குடிமக்களுக்கும் திறந்திருக்க வேண்டுமெனச் சேர்க்கைச் சட்டம் கூறியது. இவ்வளவு தெளிவான உறுதிமொழி இருக்கும்போது, இன்று படகுக்குக் கட்டணம் வாங்குவது எங்ஙனம் பொருந்தும்?

இதற்கு விடை கூறும் வழக்கொன்று 1886-இல் அந்நாட்டின் உச்சநீதிமன்றத்தில் முடிவாயிற்று. இலினாய் மாநிலம் இலினாய் ஆற்றில் அணைகளும் படகு ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளும் கட்டி, அவற்றின் வழியே செல்லும் கலங்களுக்குச் சுங்கம் விதித்தது. ஆற்றின் வழியே பனிக்கட்டி அனுப்பி வந்த வணிகர்கள் 1787-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்காட்டி வழக்குத் தொடுத்தனர். ஹூஸ்–குளோவர் வழக்கு எனப்படும் அதில், இயற்கையான ஆற்றைப் பயன்படுத்துவதற்கு வரி விதிப்பது வேறு, அரசாங்கம் பொருள் செலவிட்டு அமைத்த வசதிக்கு ஈடு பெறுவது வேறு என்று நீதிமன்றம் பகுத்துரைத்தது. வணிகர்களின் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

இப்பாகுபாடே நாம் மனத்திற்கொள்ள வேண்டிய முதன்மையான செய்தி. நீருக்கு விலை இல்லை. செய்து கொடுத்த வசதிக்கு ஈடு உண்டு. ஆகவே ஒரு கட்டணம் நியாயமானதா என்று அறிய விரும்பினால், பணம் எதற்காகப் பெறப்படுகிறது, எங்கே செல்கிறது என்ற இரண்டையும் கேட்க வேண்டும்.

இதுவரை துறை அமைத்தவர் யார்?

அமெரிக்காவின் படகுத்துறைகளுக்கான பணம் நெடுங்காலமாக இரு வழிகளில் வந்துள்ளது. ஒன்று, மோட்டார் படகுகளைப் பதிவு செய்ய மாநிலங்கள் பெறும் கட்டணம். மற்றொன்று மத்திய அரசாங்கத்தின் வரி. 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி தூண்டில் முதலிய மீன்பிடிக் கருவிகள்மீது விதிக்கப்படும் தீர்வை, மீன்வளப் பணிகளுக்காக மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. 1984-இல் அச்சட்டம் விரிவாக்கப்பட்டு, மோட்டார் படகுகள் எரிக்கும் எரிபொருளின் வரியும் அந்நிதியில் சேர்ந்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் பங்கில் 15 விழுக்காட்டைப் படகுத்துறை வசதிகளுக்கென ஒதுக்க வேண்டுமென்பது இப்போதைய விதி.

இம்முறையில் துறையைப் பயன்படுத்துவோரும் பணம் தருவோரும் பெரும்பாலும் ஒருவராகவே இருந்தனர். கயாக்குகள் பெருகியதும் இவ்வொழுங்கு குலைந்தது. துடுப்பால் செல்பவர் எரிபொருள் வாங்குவதில்லை. பல மாநிலங்களில் அவர் தம் படகைப் பதிவு செய்ய வேண்டியதுமில்லை. ஆனால் அதே துறையில் இறங்குகிறார். அதே இடத்தில் வண்டியை நிறுத்துகிறார்.

இதனால் இருசாராரிடையே மனத்தாங்கல் எழுந்தது. "எங்கள் பணத்தில் அமைந்த துறையில் உங்கள் படகுகள் வழியை மறிக்கின்றன" என்பது மோட்டார் படகினரின் முறையீடு. "எங்களால் கரை கெடுவதில்லை, நீரில் எண்ணெய் கலப்பதில்லை, எங்களுக்குச் சிமெண்டுச் சரிவே வேண்டாம், வேண்டாத வசதிக்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?" என்பது துடுப்புப் படகினரின் மறுமொழி. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆகவே துடுப்புப் படகினரிடம் சிறு தொகை பெற்று, அதனை அவர்களுக்கு ஏற்ற துறைகளுக்கே செலவிடுவது என்ற கருத்து வலுப்பெற்றது.

மூன்று மாநிலங்கள், மூன்று முறைகள்

விஸ்கான்சினில் பல படகுத்துறைகள் சிற்றூர்கள், நகராட்சிகள் போன்ற உள்ளாட்சி அமைப்புகளின் கையில் உள்ளன. துறையை நடத்தவும் பேணவும் அவை நாட்கட்டணம் பெறலாம். ஆனால் தம் விருப்பம்போல் விதிக்க இயலாது. தொகை நியாயமானதாக இருக்க வேண்டுமென மாநில விதிகள் வரம்பு கட்டியுள்ளன. வெளியூராருக்குக் கூடுதல் கட்டணம் விதிப்பதாயினும், அது உள்ளூராரின் கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்கிற்கு மேற்படலாகாது. ஏரி உள்ளூராரின் தனிச் சொத்தன்று, மாநிலத்து மக்கள் அனைவருடையதும் என்ற கொள்கையின் விளைவே இவ்வரம்பு. சிறு துறைகள் பலவற்றில் பணம் வாங்க ஆள் கிடையாது. வருபவர் காகித உறையில் பணத்தை இட்டு, அங்குள்ள இரும்புப் பெட்டியில் தாமே போட்டுச் செல்வார். காவலாளின் சம்பளத்திற்கே வருமானம் தீர்ந்துபோகும் நிலை இதனால் நேர்வதில்லை.

பென்சில்வேனியாவில் கட்டணம் இடத்தைப் பொறுத்தது. அம்மாநிலத்தின் மீன், படகு ஆணையம் பேணும் துறைகளிலும் மாநிலப் பூங்காக்களின் துறைகளிலும் கயாக்கை இறக்குபவர் படகைப் பதிவு செய்திருக்க வேண்டும். அல்லது இறக்கும் அனுமதிச் சீட்டுப் பெற்றிருக்க வேண்டும். வேறு பல இடங்களில் இறக்குபவருக்கு அது தேவையில்லை. யார் எதைப் பயன்படுத்துகிறாரோ அவர் அதற்கு ஈடு தருகிறார் என்ற முறை இதில் தெளிவாக உள்ளது.

ஓரிகனில் கட்டணம் படகைப் பொறுத்தது. அங்கே 1959-இல் ஏற்பட்ட மாநிலப் படகு வாரியம், மாநிலத்தின் பொது வரிப் பணத்தை எதிர்பாராமல், பதிவுக் கட்டணம், எரிபொருள் வரி முதலியவற்றைக் கொண்டே இயங்கி வந்துள்ளது. 2019-இல் சட்டமன்றம் இயற்றிய சட்டப்படி, 2020 சனவரி முதல் நீர்வழி அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் பத்து அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள துடுப்புப் படகு ஒவ்வொன்றிற்கும் ஒரு சீட்டு வேண்டியிருந்தது. ஆண்டுச் சீட்டு 17 டாலர். ஈராண்டுச் சீட்டு 30 டாலர். ஒரு வாரச் சீட்டு 5 டாலர் என்பது அப்போதைய அளவு. பதினான்கு வயது நிரம்பாத சிறுவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சீட்டின்றிச் செல்பவருக்கு 115 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பிற்பாடு இவ்விதிகள் திருத்தம் பெற்றன. எனினும் ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை.

இரண்டு படகுள்ளவர் ஒரே ஆண்டுச் சீட்டை இன்று ஒன்றிலும் நாளை மற்றொன்றிலும் பயன்படுத்தலாம். ஒரே சமயத்தில் இரண்டும் நீரில் இறங்கினால் இரண்டு சீட்டுகள் வேண்டும். சீட்டினால் வரும் வருவாய் தனி நிதியாக வைக்கப்படுகிறது. துடுப்புப் படகுகளுக்கு ஏற்ற துறைகள் அமைக்கவும், நிலம் வாங்கவும், நீர்ப் பாதுகாப்புக் கல்வி அளிக்கவும் அந்நிதியிலிருந்து நன்கொடை வழங்கப்படுகிறது. நீர் விளையாட்டு வாய்ப்பு இதுவரை எட்டாத எளிய மக்களுக்குப் படகுக் கருவிகள் வாங்கித் தரவும் அந்நிதி உதவலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

கண்ணுக்குத் தெரியாத பயணி

ஓரிகனின் சீட்டில் ஒரு பகுதி வேறொரு நோக்கத்திற்காகவும் பெறப்படுகிறது. அது நீர்நிலைகளை அந்நிய உயிரினங்களிடமிருந்து காப்பது. இதற்கென 2010 முதலே அம்மாநிலத்தில் தனி அனுமதிச் சீட்டு இருந்தது. பின்னர் புதிய சீட்டுடன் அது இணைக்கப்பட்டது.

கருங்கடல் பகுதியைச் சேர்ந்த ஜீப்ரா மட்டி என்னும் சிறு சிப்பி 1988-இல் வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் கண்டறியப்பட்டது. அதன் இனத்ததான குவாகா மட்டி 2007-இல் மேற்கிலுள்ள மீட் ஏரியை எட்டியது. இவை நீர்க்குழாய்களிலும் மதகுகளிலும் கொத்துக் கொத்தாய் ஒட்டி வழியை அடைத்துவிடும். நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடித்துத் தின்று மீன்குஞ்சுகளின் உணவையும் பறித்துவிடும். ஓர் ஏரியில் நிலைகொண்ட பின் இவற்றை அறவே ஒழிப்பது மிகக் கடினம். 2023 செப்டம்பரில் ஐடகோ மாநிலத்தின் சினேக் ஆற்றில் குவாகா மட்டியின் இளம் உயிர்கள் தென்பட்டபோது, அவ்விடத்தில் ஆற்றை மூடிச் செப்பு மருந்து கலந்து அழிக்க முற்பட்டனர். அவ்வாறு கொலம்பியா ஆற்றில் சென்று கலப்பது. அங்கே மின்சாரமும் பாசனமும் அணைகளை நம்பியுள்ளன.

இம்மட்டியின் இளம் உயிர்கள் கண்ணுக்குப் புலனாகா. படகின் அடியில் தங்கிய சிறிதளவு நீரிலேயே அவை பயணம் செய்யும். ஓசையும் புகையும் இல்லாத கயாக்கும் இதற்கு விலக்கன்று. ஆகவே மேற்கு மாநிலங்களில் சாலையோர ஆய்வு நிலையங்கள் அமைத்து, எல்லாப் படகுகளையும் சோதிக்கிறார்கள். ஒரு நீரிலிருந்து மற்றொரு நீருக்குச் செல்லுமுன் படகைத் துடைத்து, நீரை வடித்து, உலர்த்த வேண்டுமென்று அறிவுறுத்துகிறார்கள். "எங்களால் நீருக்குக் கேடில்லை" என்ற துடுப்புப் படகினரின் வாதம் இவ்விடத்தில் வலுவிழக்கிறது. இங்கே கட்டணம் துறையின் வசதிக்கு ஈடாக மட்டுமின்றி, நீரின் நலத்திற்குக் காப்பாகவும் அமைகிறது.

எளியவர் நிலை

கட்டணம் எவ்வளவு சிறிதாயினும், அது ஒருவருக்குச் சிறிது, மற்றொருவருக்குப் பெரிது. ஆண்டுதோறும் நூறு நாள் படகில் செல்பவருக்கு ஆண்டுச் சீட்டு அற்பத் தொகை. பழைய படகொன்றில் குழந்தைகளுடன் ஆண்டில் ஒரு நாள் செல்லும் ஏழைத் தொழிலாளிக்கு, ஒவ்வொரு படகிற்கும் ஒரு சீட்டு என்பது பாரமே. மேலும் ஒரே மாவட்டத்தில் மாநிலப் பூங்காவுக்கு ஒரு சீட்டு, உள்ளாட்சியின் துறைக்கு மற்றொரு சீட்டு, வண்டி நிறுத்த வேறொரு சீட்டு என்று பல அதிகாரிகள் பலவாறு கேட்கும்போது, நேர்மையாக நடக்க விரும்புபவரும் தடுமாறுகிறார். அறியாமையால் அபராதம் கட்ட நேர்ந்தவர் மறுமுறை நீரருகே வரத் தயங்குவார். பொது நீர் பணமுள்ளவரின் நீராக மெல்ல மெல்ல மாறிவிடும் என்ற அச்சம் வீணானதன்று.

மேற்கண்டவற்றை ஒருங்கே நோக்கின், நல்ல கட்டணத்திற்குச் சில இலக்கணங்கள் புலப்படுகின்றன. முதலாவது, கட்டணம் நீருக்காக அன்றித் துறைக்காகவும் நீரின் காப்புக்காகவும் இருத்தல் வேண்டும். எந்த வசதியும் செய்யாத வெறுங்கரையில் கட்டணம் கேட்பதற்கு நியாயமில்லை. இரண்டாவது, வந்த பணம் அத்துறைக்கே திரும்ப வேண்டும். மூன்றாவது, படகின் தன்மைக்கு ஏற்பத் தொகை வேறுபட வேண்டும். சிமெண்டுச் சரிவு கேட்கும் பெரிய படகும் கையால் தூக்கிச் செல்லும் சிறு படகும் ஒன்றாகா. நான்காவது, சிறுவருக்கும் எளியவருக்கும் விலக்கோ சலுகையோ வேண்டும். ஐந்தாவது, தொகை இன்னது, வாங்குபவர் இன்னார், சென்ற ஆண்டு செலவு இன்னது என்பதைத் துறையிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். வரவு செலவு மறைவாக இருக்குமிடத்தில் நேர்மையான கட்டணமும் கொள்ளையாகத் தோன்றும்.

நம் ஊராட்சிகள் கருத வேண்டியவை

துறைக்குக் கட்டணம் என்பது நமக்குப் புதிதன்று. ஆறுகளில் பரிசல் துறையை ஏலம் விடுவது பழைய வழக்கம். சென்னை மாகாணத்தில் 1890-ஆம் ஆண்டிலேயே கால்வாய்களுக்கும் பொதுத் தோணித்துறைகளுக்குமெனத் தனிச் சட்டம் ஏற்பட்டது. ஆனால் தோணித்துறையில் நாம் தருவதில் தோணிக்காரரின் உழைப்புக்குக் கூலியும் அடங்கும். தம் படகைத் தாமே கொணர்ந்து, தாமே வலித்துச் செல்பவரிடம் பெறுவது கரையின் பயனுக்கு மட்டுமே. இவ்வேறுபாட்டை உணராமல் பழைய ஏல முறையை அப்படியே புதிய படகுகளுக்கும் நீட்டித்தால், குத்தகைக்காரரின் கண் வசூலில் நிற்கும்; கரையைப் பேண ஆள் இராது.

இன்று நம் காயல்களிலும் ஏரிகளிலும் துடுப்புப் படகு விளையாட்டு சிறிது சிறிதாகப் பரவி வருகிறது. வெளியூரார் வருவர், வண்டிகள் நிற்கும், குப்பை சேரும், கரை மிதிபடும். அப்போது கட்டணம் விதிப்பதா வேண்டாமா என்ற வினா ஊராட்சியின் முன் வரும். விதிப்பதானால் முதலில் துறையைச் சீர் செய்து, கழிப்பறையும் குப்பைத் தொட்டியும் அமைத்து, அதன் பின்னரே விதிப்பது முறை. பிழைப்புக்காக அதே நீரில் இறங்கும் மீனவரின் பரிசலையும் கட்டுமரத்தையும் பொழுதுபோக்குப் படகோடு ஒரே தட்டில் வைக்கலாகாது. அவரிடம் ஒரு காசும் கேட்காதிருப்பதே தகும். ஊர்ச் சிறுவர்கள் தங்கள் ஏரியில் இறங்கச் சீட்டுக் கேட்கும் நிலையும் வரக்கூடாது. உயிர்காப்புச் சட்டை இன்றி எவரையும் நீரில் விடாமல் காப்பது கட்டணம் வசூலிப்பதைவிட முந்திய கடமை.

துறைப் பணத்தில் படி ஒன்று புதிதாகக் கட்டப்பட்டால், கரையில் நிழல்மரம் ஒன்று வளர்ந்தால், பணம் தந்தவர் அடுத்த ஆண்டு மனமுவந்து தருவார். அவ்வாறு எதுவும் நிகழாவிடில், நீருக்கே விலை வைத்துவிட்டார்கள் என்று மக்கள் கூறுவர். அவர்கள் கூறுவதில் தவறும் இராது. கட்டணத்தின் நியாயம் சீட்டில் எழுதப்பட்ட தொகையில் இல்லை. துறையின் நிலையில்தான் இருக்கிறது.